நீருக்குள் ஒட்டுதல்: பாலிமர் பூச்சுகளும் தானாய்க் கூடும் துண்டுகளும்

நன்னாரி சர்பத்தில் போடும் சப்ஜா விதையில் ஒரு கரண்டி எடுத்து, சிறு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் கொட்டிப் பாருங்கள். கிளறாமல் விட்டால் சற்று நேரத்தில் விதைகள் ஒரே கட்டியாகிவிடும்; நடுவில் இருப்பவை சரியாக ஊறாமல் கிடக்கும். கொட்டிய கையோடு கலக்கிவிட்டால் கதை வேறு. ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிச் சாம்பல் நிற உறை ஒன்றை ஊதிக்கொண்டு தனித்து நிற்கும். விரலால் பிடித்தால் வழுக்கி ஓடும். குடித்து முடித்த டம்ளரைக் கழுவ மறந்தால் மூன்றாவது கதை. உட்சுவரில் காய்ந்து பிடித்த விதையை மறுநாள் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

மூன்று இடத்திலும் வேலை பார்த்தது ஒரே பொருள்தான்: விதைத்தோலில் உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். இத்தகைய சங்கிலி மூலக்கூறுகளைப் பாடநூல்கள் பல்லுறுப்பிகள் என்கின்றன, புழக்கத்தில் பாலிமர். ஒரே பாலிமர் உறை ஓரிடத்தில் கட்டி சேர்க்கிறது, ஓரிடத்தில் வழுக்கிப் பிரிக்கிறது, ஓரிடத்தில் பசையாகப் பிடிக்கிறது. பொருள் மாறவில்லை, தண்ணீர் எவ்வளவு இருந்தது, எப்போது கலக்கினோம், எப்போது காய்ந்தது என்பவையே மாறின.

நீருக்குள் கிடக்கும் சிறு துண்டுகளைப் பூச்சு ஒன்றின் துணையால் தாமாகவே கூடவைத்து, கூடியபடியே நிலைக்கவும் வைக்க முடியுமா என்ற கேள்வி கடந்த 30 ஆண்டுகளாக வேதியியல், இயற்பியல், உயிரியல், பொறியியல் ஆகிய நான்கு துறைகளிலும் தனித்தனியே கேட்கப்பட்டு வருகிறது. அந்த விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்க்கையில் ஒரு முடிவு தெளிவாகிறது. பூச்சு எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதைவிட, எந்த நேரத்தில் நெகிழ்கிறது, எந்த நேரத்தில் இறுகுகிறது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

கேள்விக்குள் இரண்டு கேள்விகள்

தலைப்பில் இரண்டு சொற்கள் உள்ளன: கூடுதல், ஒட்டுதல். இவை ஒன்றுக்கொன்று உறவினர் போலத் தோன்றினாலும் பங்காளிச் சண்டை போடுபவை.

துண்டுகள் தாமாகவே ஓர் ஒழுங்குக்கு வர வேண்டுமானால், தவறாகச் சேர்ந்தவை பிரிந்து மறுபடி முயல இடம் வேண்டும். திருவிழாக் கூட்டம் வரிசையாக நிற்பதற்கு ஆட்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டியிருப்பது போல. முதல் தொடுதலிலேயே இறுகப் பிடித்துக்கொள்ளும் பூச்சு ஒழுங்கற்ற கட்டியைத்தான் தரும். சப்ஜாவைக் கிளறாமல் விட்டபோது கிடைத்தது அதுதான். மறுபுறம், எளிதில் பிரியும் அளவுக்குப் பிடி தளர்ந்திருந்தால், அடுக்கி முடித்த ஒழுங்கு அடுத்த அலையில் கலைந்துவிடும். கூடுவதற்குத் தளர்ச்சி வேண்டும். நிலைப்பதற்கு இறுக்கம் வேண்டும். இந்தத் துறையில் வந்த நல்ல யோசனைகள் பலவும் இந்த முரணுக்கு ஏதோ ஒரு வகையில் பதில் சொன்னவையே.

தண்ணீர் வைக்கும் தடைகள்

காற்றில் ஒட்டும் பசைகள் பல தண்ணீருக்குள் தோற்றுப்போவதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர் அங்கே முன்பே இடம் பிடித்திருக்கிறது. கண்ணாடி, கல், உலோக ஆக்சைடு போன்ற பரப்புகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கவ்வியிருக்கின்றன. வரும் பசை அவற்றை விலக்கிவிட்டுத்தான் பரப்பைத் தொட முடியும்.

இரண்டாவது, தண்ணீர் வெளியேறவே நேரம் பிடிக்கும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வழுவழுப்பான வட்டத் தகடுகளை, 1 மில்லிகிராம் எடைக்கு நிகரான விசையால் தண்ணீருக்குள் சேர்த்து அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். பாய்ம இயக்கவியலின் பழைய சூத்திரப்படி கணக்கிட்டால், இடைவெளி 1 மைக்ரோமீட்டராகக் குறைய ஏறத்தாழ 15 விநாடி ஆகும். 100 நானோமீட்டராகக் குறைய 25 நிமிடம். 10 நானோமீட்டருக்கு வர 40 மணி நேரத்துக்கும் மேல். இடைவெளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது காத்திருக்க வேண்டிய நேரம் நூறு மடங்காகிறது. மூலக்கூறுகள் கைகோப்பதோ ஓரிரு நானோமீட்டர் தொலைவில்தான். ஆகவே விறைப்பான, தட்டையான இரு துண்டுகள் தண்ணீருக்குள் நேருக்கு நேர் சந்தித்தாலும் உண்மையில் தொட்டுக்கொள்வதில்லை. இடையில் மெல்லிய நீர்ப்படலம் காவல் நிற்கிறது.

மூன்றாவது, உப்பு. எதிரெதிர் மின்னேற்றம் உள்ள பரப்புகள் ஈர்க்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் நீரில் கரைந்த உப்பின் அயனிகள் அந்த ஈர்ப்பை மறைத்துவிடுகின்றன. ஒரு லிட்டரில் 1 மில்லிமோல் சமையல் உப்பு கரைந்த நீரில் மின்னேற்றத்தின் கை சுமார் 10 நானோமீட்டர் வரை நீளும். கடல் நீரில் அரை நானோமீட்டர்கூட நீளாது. ஆய்வகத்தின் தூய நீரில் அழகாகக் கூடும் துண்டுகள் கடலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காவது, அளவு. மிகச் சிறு துகள்களைத் தண்ணீர் மூலக்கூறுகளே இடித்து அலைக்கழிக்கின்றன. 1827-இல் ராபர்ட் பிரௌன் உருப்பெருக்கி வழியே பார்த்த ஓயாத நடுக்கம் இதுவே. அந்த நடுக்கம்தான் துகள்களைச் சந்திக்க வைக்கிறது, தவறான சேர்க்கையை உதறவும் வைக்கிறது. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டையைத் தண்ணீரில் இந்த நடுக்கம் ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர் உயரம் வரை தூக்கி நிறுத்தும். 10 மைக்ரோமீட்டர் உருண்டைக்கு அந்த உயரம் 16 நானோமீட்டர்தான்; அது பாத்திரத்தின் அடியில் போய்ப் படுத்துவிடும். அதற்கு மேற்பட்ட துண்டுகளுக்கு இயற்கையின் நடுக்கம் போதாது. குலுக்கலோ கலக்கலோ காந்தமோ வெளியிலிருந்து வர வேண்டும்.

தேற்றாங்கொட்டை சொல்லும் பாடம்

பாலிமரைக் கொண்டு நீருக்குள் துகள்களைச் சேர்க்கும் கலை புதிதன்று. கலங்கிய நீர் உள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும் என்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறைகளாக இருந்துவந்த வழக்கம். கொட்டையிலிருந்து கரையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் களிமண் துகள்களின்மேல் படிகின்றன. ஒரு சங்கிலியின் ஒரு முனை ஒரு துகளையும் மறுமுனை இன்னொன்றையும் பிடிக்க, இரண்டுக்கும் நடுவே பாலம் விழுகிறது. பாலங்கள் பெருகப் பெருகத் துகள்கள் திரண்டு, கனத்து, கீழே இறங்குகின்றன. இன்றைய குடிநீர், கழிவுநீர் நிலையங்களில் பயன்படும் பாலி அக்ரிலமைடும் பெரும்பாலும் இதே பாலம் கட்டும் வேலையைத்தான் செய்கிறது.

முருங்கை விதையும் நீரைத் தெளியவைக்கும். வழி சற்று வேறு. அதில் உள்ள நேர்மின் புரதம் எதிர்மின் களிமண் துகள்களின் விலக்கத்தைத் தணிக்கிறது. 2012-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இந்தப் புரதத்தை மணல்மேல் பூசிக் காட்டியது. பூசிய மணலைக் கழுவினாலும் புரதம் போகவில்லை. நீரில் உள்ள களிமண்ணையும் கிருமிகளையும் அது பிடித்துக்கொண்டது. சிறு பொருள்மேல் பாலிமர் பூச்சு, நீருக்குள் ஒட்டுதல் என்ற நம் தலைப்பின் எளிய வடிவம் இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பாலிமரைக் கூட்டிக்கொண்டே போனால் தெளிவும் கூடும் என்று நினைத்தால் ஏமாறுவோம். ஓர் அளவுக்கு மேல் போட்டால் நீர் மறுபடி கலங்கலாகவே நிற்கும். பாலம் விழ வேண்டுமானால் எதிரே உள்ள துகளில் வெற்றிடம் இருக்க வேண்டும். எல்லாத் துகள்களும் முழுக்கப் போர்த்திக்கொண்டால் சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிவிடும். 1960-களில் லா மெர் முதலியோர் வகுத்த கோட்பாட்டின்படி, பரப்பில் ஏறத்தாழ பாதி மூடியிருக்கும்போதே திரட்சி உச்சம் தொடுகிறது. கரியையும் வேலம்பிசினையும் கலந்து மை செய்த பழங்காலத்தார் இதன் மறுபக்கத்தைப் பயன்படுத்தினர்: பிசின் கரித்துகள்களை முழுக்கப் போர்த்தியதால்தான் மை அடியில் படியாமல் நின்றது. பாதிப் பூச்சு சேர்க்கிறது. முழுப் பூச்சு பிரிக்கிறது. சப்ஜா விதையின் வழுக்கலும் இந்த முழுப் போர்வையின் சாயல்தான்.

ஆனால் தேற்றாங்கொட்டை தருவது திரட்சி மட்டுமே. எது எதனோடு, எந்தப் பக்கத்தோடு சேர வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஒழுங்கு வேண்டுமென்றால் பூச்சுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும்.

தங்கத்துகளும் 12 ஆண்டுக் காத்திருப்பும்

ஆள் அடையாளம் தெரிந்த பாலிமர்களில் முதலிடம் டி.என்.ஏ.வுக்கு. அதன் ஓரிழை தனக்குப் பொருத்தமான எதிரிழையை மட்டுமே தேடிப் பிணையும். 1996-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாட் மிர்கின் குழுவும், பெர்க்லியின் பால் அலிவிசாட்டோஸ் குழுவும் ‘நேச்சர்’ ஏட்டின் ஒரே இதழில் இதைத் தங்கத் துகள்களுக்குப் பூசிக் காட்டின. மிர்கின் குழு எடுத்துக்கொண்ட துகள்கள் 13 நானோமீட்டர் அளவின. தனித்தனியே நின்றபோது கரைசல் சிவப்பு. இணைப்பு இழையைச் சேர்த்ததும் துகள்கள் கூடி நிறம் ஊதாவை நோக்கிப் போனது. சூடாக்கினால் பிரிந்து மறுபடி சிவப்பு.

கண்ணெதிரே நிறம் மாறியதால் வெற்றி முழுமையானதாகத் தோன்றியது. ஆனால் அந்தத் திரள்களுக்குள் படிக ஒழுங்கு இல்லை. டி.என்.ஏ. பூசிய தங்கத் துகள்களை உண்மையான முப்பரிமாணப் படிகமாக அடுக்கியதை மிர்கின் குழுவும், புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஓலெக் காங் குழுவும் 2008-இல்தான் காட்டின. நடுவே 12 ஆண்டுகள். வேறுபாடு எங்கே வந்தது? பிணையும் பகுதிகளைச் சிறிதாக்கிப் பிடியைத் தளர்த்தினர். அவற்றைத் தாங்கும் இழைகளை நெகிழ்வாக வைத்தனர். பிணைப்பு அவிழும் வெப்பநிலைக்கு மிக அருகே கரைசலை நிறுத்தி, துகள்கள் பிரிந்து பிரிந்து சேர அவகாசம் கொடுத்தனர்.

மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களிலும் இதே சிக்கல் நெடுநாள் நீடித்தது. டி.என்.ஏ. பூசிய உருண்டைகள் தொட்ட இடத்திலேயே சிக்கி நின்றன. 2015-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டேவிட் பைன் குழு, வழுவழுப்பான உருண்டைகளில் டி.என்.ஏ.வைச் சீராகவும் அடர்த்தியாகவும் பொருத்தியபோது, ஒட்டிய உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு சரியான இடத்துக்கு நகர்ந்தன, படிகங்கள் வளர்ந்தன. ஒட்டியிருக்கும்போதே நகர முடிந்தது. இந்த ஒரு பண்பை நினைவில் வைத்துக்கொண்டு பெரிய துண்டுகளுக்குப் போவோம்.

கண்ணுக்குத் தெரியும் துண்டுகள்

தண்ணீரில் மிதக்கும் பொரி ஒன்றையொன்று நாடிப் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்போம். நீர்ப்பரப்பின் வளைவு அவற்றை இழுக்கிறது. ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 1997-இல் இந்த விளையாட்டை அறிவியலாக்கியது. தண்ணீருக்கும் அதைவிடக் கனமான ஒரு ஃபுளோரின் திரவத்துக்கும் இடையே, மில்லிமீட்டர் அளவு சிலிகோன் ரப்பர் அறுகோணங்களை மிதக்கவிட்டனர். ஓரங்களில் சிலவற்றை நீரை விரும்புவனவாகவும் சிலவற்றை நீரை வெறுப்பனவாகவும் ஆக்கினர். குலுக்கியதும் துண்டுகள் தேன்கூடு போல அடுக்கிக்கொண்டன. அதே ஆண்டில் இன்னொரு படி: துண்டுகளின் முகங்களில் நீரை வெறுக்கும் திரவப் பசையைப் பூசி, தண்ணீருக்குள் குலுக்கி முப்பரிமாணத்தில் அடுக்கினர். பசை திரவமாக இருந்தவரை துண்டுகள் வழுக்கிச் சரியான இடத்துக்கு வந்தன. அடுக்கி முடிந்தபின் பசை இறுகவைக்கப்பட்டது. 2000-இல் டேவிட் கிரேசியஸும் உடன் பணியாற்றியோரும் இதே தந்திரத்தை ஈயப்பற்றால் செய்தனர்: சூடான உப்புநீரில் பற்று உருகியிருக்க, துண்டுகள் கூடின, ஆறியதும் மின்சுற்றோடு உறைந்தன.

திரவப் படலத்தை விட்டு மூலக்கூறு அடையாளத்துக்கே திரும்பியவர் ஒசாகா பல்கலைக்கழகத்தின் அகிரா ஹராடா. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் வளையம். ஆல்ஃபா வகையில் 6, பீட்டா வகையில் 7 குளுக்கோஸ்கள். வளையத்தின் உட்குழிவு நீரை அவ்வளவாக விரும்பாது. பொருத்தமான அளவுள்ள எண்ணெய்த்தன்மை மூலக்கூறு அதில் போய் அமர்ந்துகொள்ளும். வளையத்தை ஒரு ஜெல்லிலும் அதில் அமரும் மூலக்கூறை இன்னொரு ஜெல்லிலும் பொருத்தி, நிறமேற்றிய சிறு துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் இட்டுக் குலுக்கியபோது, தத்தம் இணையோடு மட்டும் அவை ஒட்டிக்கொண்டன. 2011-இல் வெளியான இந்த ஆய்வு, மூலக்கூறுகளின் தேர்வைக் கண்ணால் பார்க்கக்கூடிய காட்சியாக்கியது. மறு ஆண்டே ஒளியால் வடிவம் மாறும் மூலக்கூறைப் பொருத்தி, புற ஊதாக் கதிரால் பிரிக்கவும் முடியும் என்று அதே குழு காட்டியது.

2013-இல் ஹார்வர்டின் பெங் யின், அலி காதெம்ஹொசைனி ஆகியோரின் குழுக்கள், மிக நீண்ட டி.என்.ஏ. இழைகளை ஜெல் கனசதுரங்களின் முகங்களில் பசையாகப் பூசின. 30 மைக்ரோமீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரையான துண்டுகள் குறித்த முகத்தோடு குறித்த முகம் சேர்ந்து அமைந்தன.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் துண்டுகள் ஜெல்லாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெல் என்பது பெரும்பகுதி தண்ணீர். அழுத்தினால் நசுங்கும், மற்றதன் வடிவத்துக்கு ஏற்ப வளையும். இறுக்கமான பொருளில் இதே மூலக்கூறுகளைப் பொருத்தினால் என்ன ஆகும்? பெய்ஜிங் வேதித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெங் ஷி குழு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. சிலிகோன் ரப்பர் விரலுக்கு மென்மையாகத் தோன்றினாலும் மூலக்கூறு அளவில் விறைப்பானது. ஜெல்லைவிடப் பன்மடங்கு கெட்டி. அதன் பரப்பில் வளையத்தையும் அதில் அமரும் மூலக்கூறையும் நேரடியாகப் பொருத்தினால் துண்டுகள் கூடுவதில்லை. 2014-இல் அவர்கள் வெளியிட்ட தீர்வு எளிமையானது. துண்டுக்கும் பிணைக்கும் மூலக்கூறுகளுக்கும் நடுவே, தண்ணீரில் ஊறி மென்மையாகும் பாலிமர் அடுக்கு ஒன்றைப் பூசினர். அந்த அடுக்கு வந்ததும் துண்டுகள் கூடின.

அந்தப் பூச்சைச் செய்யும் முறைக்குத் தனி வரலாறு உண்டு. நேர்மின் பாலிமர் கரைசலில் ஒரு முறை முக்கு, கழுவு, எதிர்மின் பாலிமர் கரைசலில் முக்கு, கழுவு, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முக்கலுக்கும் சில நானோமீட்டர் அடுக்கு ஏறும். ஜெர்மானியரான கேரோ டெக்கர் 1990-களின் தொடக்கத்தில் இந்த அடுக்குமுறையைச் செம்மைப்படுத்தினார். வளைவு நெளிவான பொருளாக இருந்தாலும் முக்கி எடுக்க முடிகிற எதன்மீதும் பூச முடியும் என்பதே இதன் பலம்.

மென்மையான அடுக்கு ஏன் உதவுகிறது என்பதற்கு மேலே போட்ட கணக்கே பாதி விடை. எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் விறைப்பான பரப்பில் மேடுபள்ளம் உண்டு. சில முகடுகள் மட்டுமே தொடும், மற்ற இடங்களில் 1 நானோமீட்டர் நீள மூலக்கூறுகள் எட்டாத தொலைவில் நிற்கும். ஊறிய பாலிமர் அடுக்கு மேட்டில் நசுங்குகிறது, பள்ளத்தில் நீண்டு எட்டுகிறது. சிக்கிய நீருக்கு உள்ளே வழியும் விடுகிறது. சங்கிலிகள் அசைவதால் மூலக்கூறுகள் தம் இணையைத் தேடிப் பிடிக்கின்றன. ஒரு பிணைப்பின் வலு மிகச் சிறிது. ஆனால் கயிறு திரிப்பவருக்குத் தெரியும்: தேங்காய் நார் ஒன்றை விரலால் அறுத்துவிடலாம், திரித்த வடம் தேரை இழுக்கும். ஆயிரக்கணக்கான சிறு பிடிகள் ஒரே நேரத்தில் வாய்க்கின்றனவா என்பதே இங்கே கேள்வி. மென்மை அந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

கடற்பாறையில் இரண்டு ஆசான்கள்

மனிதர் படிப்படியாகக் கண்டதைக் கடல் உயிரிகள் அன்றாடம் செய்கின்றன. அலை அடிக்கும் பாறையில் கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும் மஸ்ஸல் சிப்பி, தன் காலின் நுனிக் குழிவைப் பாறைமேல் கவிழ்த்து, உள்ளே புரதத்தைச் சுரந்து, சில நிமிடங்களில் ஒரு நூலையும் அதன் அடியில் ஒரு பசைத் தட்டையும் வார்க்கிறது. அந்தப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதை ஹெர்பர்ட் வெய்ட் 1981-இல் வெளியிட்டார். பாறையை ஒட்டியிருக்கும் புரத வகை ஒன்றில் ஏறத்தாழ 30 விழுக்காடு டோபாதான்.

டோபாவின் பிடி எவ்வளவு? 2006-இல் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் குழு ஒற்றை மூலக்கூறை டைட்டானியம் பரப்பிலிருந்து தண்ணீருக்குள்ளேயே இழுத்து அளந்தது: சுமார் 800 பிக்கோநியூட்டன். சகப்பிணைப்பு அல்லாத ஒரு பிடிக்கு இது மிக அதிகம். ஆனாலும் அதை விடுவித்து மறுபடி ஒட்டவைக்க முடிந்தது. டோபா ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால் டைட்டானியத்தின் மேலான பிடி வெகுவாகக் குறைகிறது. ஆனால் அமீன் உள்ள கரிமப் பரப்புகளிலோ அறுக்கக் கடினமான சகப்பிணைப்பாக மாறுகிறது. ஒரே மூலக்கூறு ஒரு நிலையில் மீளக்கூடிய பிடியும் இன்னொரு நிலையில் மீளாத பிடியும் தருகிறது. சிப்பி இதைக் கணக்கறிந்து பயன்படுத்துகிறது. கால் குழிவுக்குள் அமிலத்தன்மையை வைத்து டோபாவைக் காக்கிறது, கால் விலகிக் கடல்நீர் (அதன் பி.எச். சுமார் 8) உள்ளே வந்ததும் பசை கெட்டிப்படுகிறது. 2015-இல் வெய்ட், இஸ்ரேலாச்விலி, பட்லர் முதலியோர் இன்னொரு கூறையும் விளக்கினர்: டோபாவின் பக்கத்தில் நிற்கும் நேர்மின் லைசின், பாறைமேல் ஒட்டியிருக்கும் உப்பு அயனிகளை அகற்றி இடம் பிடித்துக் கொடுக்கிறது.

மற்றோர் ஆசான் கலிஃபோர்னியக் கடற்கரையில் மணல்வீடு கட்டும் புழு. தன் குழாய் வீட்டுக்காக அது மணல் துகளையும் சிப்பித் துண்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உருட்டிப் பார்த்து, துளித் துளியாகப் பசை வைத்து, பொருத்திச் சற்றுப் பிடித்துக்கொண்டிருக்கும். அரை நிமிடத்துக்குள் பசை நிற்கிறது. சில மணி நேரத்தில் தோல் போலக் கெட்டிப்படுகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எதிரெதிர் மின்னேற்றமுள்ள புரதங்கள் இணைந்து தனித் திரவமாகப் பிரிந்து நிற்பது இதன் அடிப்படை. அது திரவம்தான், ஆனால் தண்ணீரில் கரைந்து போகாது, ஈரமான பரப்பில் பரவும், பி.எச். மாறியதும் இறுகும். தண்ணீருக்குள் பசை வைப்பதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது.

சிப்பியின் பாடத்தை ஆய்வகத்தின் வழக்கமாக்கியது 2007-இல் ஹேஷின் லீ, மெஸ்ஸர்ஸ்மித் முதலியோர் வெளியிட்ட பாலிடோபமைன் பூச்சு. ஒரு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன், பி.எச். 8.5, எந்தப் பொருளையும் அதில் போட்டு வைத்தால் ஒரு நாளில் 50 நானோமீட்டர் வரை பழுப்புப் படலம் ஏறும். எதுவும் ஒட்டாத டெஃப்லான்கூட விதிவிலக்கில்லை. குறைகளும் உண்டு: பூச்சு மெதுவாக ஏறும், பொருளின் நிறத்தை மாற்றும், கரைசலிலேயே துகள்கள் திரளும். ஆனாலும் எந்தப் பொருளிலும் முதல் அடுக்கைப் போட்டு, அதன்மேல் வேண்டிய மூலக்கூறைப் பொருத்த வழி கிடைத்துவிட்டது.

ஒழுங்கும் உறுதியும்: காலத்தால் தீரும் முரண்

இதுவரை பார்த்தவற்றை ஒரு வரிசையில் நிறுத்தினால் வெற்றி பெற்றவற்றின் பொது முறை தெரிகிறது. வைட்சைட்ஸின் பசை திரவமாக அடுக்கி, பிறகு இறுகியது. ஈயப்பற்று உருகிய நிலையில் கூட்டி, ஆறி நிலைத்தது. புழுவின் பசை துளியாக வந்து தோலாக மாறியது. சிப்பியின் டோபா மீளும் பிடியில் தொடங்கி மீளாப் பிடியில் முடிகிறது. 2008-இல் காதெம்ஹொசைனி குழு உயிரணுக்கள் நிறைந்த நுண் ஜெல் துண்டுகளை எண்ணெயில் கலக்கிக் கூடவைத்து, பின் ஒளியால் இரண்டாம் முறை பிணைத்ததும் இதே வரிசைதான். அங்கே ஊடகம் மட்டும் நீரில்லை.

இந்த வரிசையைக் கடைப்பிடிக்காத பூச்சுகள் இரண்டில் ஒன்றில் நின்றுவிடுகின்றன. தேற்றாங்கொட்டையும் 1996-இன் தங்கத்துகளும் உடனே பிடித்தன. திரட்சி வந்தது, ஒழுங்கு வரவில்லை. ஹராடாவின் ஜெல்கள் தேர்ந்து பிடித்தன, பிரிக்கவும் முடிந்தது. ஆனால் அதே எளிமையால், வளையத்தில் அமரப் போட்டியிடும் வேறு மூலக்கூறு வந்தால் கைவிட்டுவிடும். இதைக் குறை என்பதைவிடப் பாதி வழி என்பதே பொருத்தம்.

ஒழுங்கு தேவையில்லாத இடத்தில் காலக் கணக்கைச் சுருக்கிவிடலாம். 2019-இல் எம்.ஐ.டி.யின் சுவான்ஹே ஜாவோ குழு ஈரமான உடல் திசுக்களுக்கான இரட்டைப் பக்க ஒட்டுநாடாவை வெளியிட்டது. உலர்ந்த நிலையில் வைக்கப்படும் அந்தப் பாலிமர், இடையில் உள்ள நீரைத் தானே உறிஞ்சிக்கொண்டு 5 விநாடிக்குள் ஒட்டுகிறது. அதன்பின் சகப்பிணைப்புகள் உருவாகிப் பிடியை நிலைக்கச் செய்கின்றன. நம் கணக்கில் மணிக்கணக்கில் காத்திருந்த நீர்ப்படலத்தை அது வெளியே தள்ளவில்லை, குடித்துவிட்டது. அறுவை சிகிச்சையில் ஒரே ஒரு சந்திப்புதான். மருத்துவரின் கை இடத்தைத் தேர்ந்துவிடுகிறது. ஆகவே அங்கே திருத்தத்துக்கான தளர்ச்சி வேண்டியதில்லை. தானாய்க் கூட வேண்டிய துண்டுகளுக்கு அந்தக் கை கிடையாது, தளர்ச்சிதான் கை.

தீராத கணக்குகள்

இந்தத் துறையின் வெற்றிகளை எடைபோடும்போது மூன்று எச்சரிக்கைகள் வேண்டும்.

ஒன்று, அளவீடு. ஒருவர் ஒற்றை மூலக்கூறின் விசையைச் சொல்கிறார். ஒருவர் சதுர சென்டிமீட்டருக்குரிய வலுவை. இன்னொருவர் குலுக்கியபின் எத்தனை துண்டு கூடியது என்பதை. முதலாவதிலிருந்து மூன்றாவதைக் கணிக்க முடியாது, ஏனென்றால் நடுவே எத்தனை மூலக்கூறுகள் உண்மையில் சந்தித்தன என்ற கேள்வி நிற்கிறது. குலுக்கலின் வேகமும் நேரமும்கூட ஆய்வுக்கு ஆய்வு வேறு.

இரண்டு, ஊடகம். தூய நீர், உடல் திரவம், கடல் நீர், சாக்கடை நீர் ஆகிய நான்கும் நான்கு உலகங்கள். மின்னேற்றத்தை நம்பிய பூச்சு உப்பில் சோரும். டோபாவை நம்பியது ஆக்சிஜனில் மாறும். டி.என்.ஏ.வை நொதிகள் அரித்துவிடும். உடல் திரவத்தில் உள்ள புரதங்களோ எந்தப் பூச்சையும் நிமிடங்களில் போர்த்திவிடக் கூடியவை. அப்போது அதன் அடையாளம் மறைந்துபோகும்.

மூன்று, அளவுப் பெருக்கம். சில துண்டுகளைக் குலுக்கி ஒழுங்குபடுத்துவதும் லட்சக்கணக்கில் தவறில்லாமல் அடுக்குவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு சந்திப்பிலும் சிறு தவறு விகிதம் இருந்தாலும் பெரிய கட்டமைப்பில் அது பெருகும். உயிரணுக்களைச் செங்கல்லாக அடுக்கித் திசு கட்டும் கனவும், நுண் மின்னணுப் பாகங்களை நீரில் மிதக்கவிட்டுப் பலகையில் அமர்த்தும் முயற்சியும் இங்கேதான் தடுமாறுகின்றன. தவறைக் குறைப்பதைவிடத் தவறை அவிழ்க்க வழி வைப்பதே பயன் தரும் என்பதைப் படிகங்களின் வரலாறு காட்டுகிறது.

ஆகவே புதிதாக ஒரு பூச்சு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியவை வேறு. நடுவில் உள்ள தண்ணீரை அது எங்கே அனுப்புகிறது? மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைகிறதா? தவறாகச் சேர்ந்ததைப் பிரிய விடுகிறதா? இறுகு என்று நாம் சொல்லும் நேரம் வரை காத்திருக்குமா? நான்காவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும் பூச்சுகள் இன்னும் சிலவே. கிண்ணத்தில் சப்ஜாவைக் கொட்டிய கையோடு கலக்குபவர் அந்த நேரத்தைத் தம் கரண்டியால் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தைப் பூச்சுக்குள்ளேயே எழுதி வைப்பதுதான் இந்தத் துறையின் மிச்ச வேலை.